வட்டில் இடமில்லை

முள்ளெலி பனியில் நடந்துபோகும்
இருபத்தெட்டு விநாடிக்கு இசை வேண்டும்,
வியாழனுக்குள்.
சேமிக்கப் போனால்
வட்டில் இடமில்லை என்கிறது கணினி.

எண்ணிப் பார்த்தேன்.
நாற்பத்தொரு பியானோ.

என் அறையின் அகலம் மூன்று மீட்டர்.
நிஜமான ஒன்றை
மாடிப்படி வளைவில் திருப்பவே முடியாது.
வூட்ச் நகரத்தின் இந்தப் பழைய நெசவாலைக் குடியிருப்பில்
நான்காம் மாடியிலிருந்து
சவப்பெட்டியையே நிற்கவைத்துத்தான் இறக்குவார்கள்.

ஆனால் வட்டுக்குள்
வியன்னாவின் கூடமொன்று கம்பளத்தோடு இருக்கிறது.
ஐஸ்லாந்துத் தேவாலயம் ஒன்று
குளிரோடு.
சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவே கம்பளித்துணி செருகி
கிசுகிசுக்க மட்டுமே தெரிந்தவை ஒன்பது.
ஒன்றில்
ஒவ்வொரு கட்டையையும் பதினெட்டு அழுத்தங்களில்
அடித்துப் பதிந்து வைத்திருக்கிறார்கள்.
என் விரலுக்குத் தெரிந்தவை மூன்று:
மெல்ல, பலமாக, தவறி.

பாதி, நவம்பர் தள்ளுபடியில் வந்தவை.
ஒன்று, இடலியா பிரிந்துபோன வாரத்தில்.
ஒன்றை வாங்கியதே நினைவில்லை.
திறந்தால் என் பெயர் சொல்லி வரவேற்கிறது.

நியாயமாக நடக்கட்டும் என்று
பெயர்களை மறைத்து எண் மட்டும் இட்டு
கணினியையே குலுக்கச் சொன்னேன்.
ஹெட்போனில் ஒரு காது செத்துக் கிடந்ததால் ஸ்பீக்கரில்.
முள்ளெலியின் மெட்டு, நான்கே அடி,
எல்லாவற்றுக்கும் அதே.

ஏழு: கண்ணாடி.
பன்னிரண்டு: பதிவன்று யாரோ நாற்காலியில் அசைந்திருக்கிறார்;
அந்தக் கட்டையை எப்போது தொட்டாலும்
அவர் மறுபடி அசைகிறார், பாவம்.
பத்தொன்பது: அழகு. அதனாலேயே சந்தேகம்.
இருபத்தாறு: இது ஏழுதான் என்று சத்தியமே செய்திருப்பேன்.
முப்பதுக்கு மேல் காது புளித்துவிட்டது.
ஒரே சொல்லைச் சொல்லிச் சொல்லி
அது வெறும் சத்தமாகிவிடுமே,
அப்படி ஆகிவிட்டது பியானோ.

நாற்பத்தொன்று அடங்கும் நேரம்
கதவு தட்டும் ஓசை.
கீழ்வீட்டு பானி கெனோவெஃபா.
டிராம் ஓட்டுநர் சீருடையை இன்னும் கழற்றவில்லை.
கையில் ரொட்டிக் கத்தி.
சண்டைக்கில்லை, பாதி வேலையில் எழுந்து வந்திருக்கிறார்.

"உன் பியானோ பரவாயில்லை," என்றார்.
"ஆனால் மூன்றாவது அடியில், இடது கை,
நானும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்,
ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் தப்பு.
மெதுவாக வாசித்துப் பழகு."

உன் பியானோ.
ஒருமையில்.

தப்பில்லை, எழுதியதே அப்படித்தான்
என்று சொல்ல வாயெடுத்து
"சரி" என்றேன்.
படியிறங்கும்போது
மூன்றாவது அடியை அவர் முணுமுணுத்தார்,
அவர் விருப்பப்படி.

உட்கார்ந்தேன்.
இடது கை. அரைச் சுரம் கீழே.
முள்ளெலி நடந்தது.
திரையில் அதுவரை வெள்ளையாக மட்டும் இருந்தது
பனியாயிற்று.
எந்த எண் ஓடிக்கொண்டிருந்தது என்று
பார்க்கத் தோன்றவில்லை.

பிறகு நீக்கினேன்.
நிச்சயமா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டது கணினி,
கடன்காரனிடம் கையெழுத்து வாங்குவதுபோல.
தேவாலயம் போக நான்கு நிமிடம் பிடித்தது;
எதிரொலியே இல்லை.
கிசுகிசுப்பவை ஒன்பதும்
தம் சுபாவப்படியே போயின.

ஒன்று போதும் என்று ஆரம்பித்து
மூன்றில் நின்றேன்.
நாற்காலிக்காரரை வைத்துக்கொண்டதால் நான்கு.
ஐந்தாவது ஏன் என்று
இடலியா போன வாரத்தைக் கேளுங்கள்.

விடிவதற்குள் அனுப்பிவிட்டேன்.
ஒன்பது மணிக்கு இயக்குநர் யாகோடாவின் பதில்:
"அருமை. இடது கை என்னவோ செய்கிறது.
இதையே அக்கார்டியனில் கேட்க முடியுமா?"

வட்டில் இப்போது
அறுநூற்றுப் பத்து கிகாபைட்
காலி.