எட்டாவது எழுத்து

கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள்,
ஈரத்தில் ஓரம் சுருண்ட ஒரு தாள்:
கொடி வேண்டாம்.
சிவப்புப் பூ வேண்டாம், வெள்ளைப் பூ வேண்டாம்.
கால்பந்துச் சட்டை வேண்டாம். பாட்டு வேண்டாம்.
அதற்குக் கீழே, பிறகு யாரோ பேனாவால் சேர்த்தது:
சீட்டியும்.

போர்ட்டடவுனில் ஜன்னல் செய்யும் தொழிற்சாலை.
அலமாரிகளுக்கு எழுத்துகள்தாம் பெயர்.
ஏ-யில் கண்ணாடி, சி-யில் ரப்பர்ப் பட்டை,
எட்டாவதில் கீல்கள்.
வேலை சொல்லித்தந்தவள் டிம்ப்னா.
அவள் வாயில் வந்ததையே ஒலிபெருக்கியில் சொன்னேன்:
"ஹெச்-சுக்கு ஒரு வண்டி."

பாரந்தூக்கி வண்டியில் மெர்வின்
ஒரு கணம் நின்று, பிறகுதான் வந்தார்.
அன்று மதியம்
என் எதிரில் வழக்கமாக உட்காருகிறவர் உட்காரவில்லை.
முன்பின் பேசாத ஒருத்தி
பிஸ்கட்டைப் பாதியாய் உடைத்து என்னிடம் நீட்டினாள்.
இரண்டுக்கும் காரணம் தெரியாமல்
பிஸ்கட்டைத் தின்றேன்.

மூன்று வாரம் கழித்து ஃபெர்கல் சொன்னான்,
சிகரெட் நேரத்தில், குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால்,
தொட்டிகளுக்கும் கேட்காத குரலில்:
எங்கள் பள்ளியில் படித்தால் ஹெச்.
அவர்கள் பள்ளியில் படித்தால் எச்.
எந்தக் கோயில், எந்தத் தெரு,
யாருடைய சித்தப்பாவை யார் சுட்டது
எல்லாம் அந்த ஒரு மூச்சுக்குள் இருக்கிறது.
"நீ எங்கள் ஆள் என்று நினைத்துவிட்டார்கள்."

மறுநாள் எச் என்றேன்.
டிம்ப்னா எல்லாருக்கும் தேநீர் கொண்டுவந்தாள்,
என் கோப்பையில் மட்டும் பால் மறந்துபோயிருந்தது.
அதற்கும் மறுநாள்
"ஜி-க்கு அடுத்ததுக்கு ஒரு வண்டி."
கூடமே சிரித்தது.
இரண்டு பள்ளிகளும் சேர்ந்து சிரித்து
அன்றுதான் கேட்டேன்.
இப்போது எல்லாருக்கும் அது ஜி-க்கு அடுத்தது.
தாளில் யாரும் எழுதவில்லை.

ஜூலையில் இரண்டு வாரம் மூடுவார்கள்.
பாதிப் பேர் முரசோடு நடக்கப் போவார்கள்,
பாதிப் பேர் முரசு எட்டாத கடற்கரைக்கு.
விடுப்புப் படிவத்தில் காரணம் கேட்கும் கட்டத்தில்
இரு சாராரும் எழுதுவது ஒரே சொல்: ஓய்வு.
காவலுக்கு நான் இருந்தேன்.
ஒலிபெருக்கியைத் திறந்து
எச் என்றேன். ஹெச் என்றேன்.
சத்தமாக, மாற்றி மாற்றி.
நானூறு கண்ணாடிகளில் ஒன்றுகூட அதிரவில்லை.
கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

எங்கள் லிதுவேனியாவில்
ஒரு பெண்ணுடைய பெயரின் வால் சொல்லிவிடும்
மணமானவளா இல்லையா என்று.
இங்கே ஊதியச் சீட்டின் கட்டத்துக்குள் அடங்காமல்
வாலை வெட்டிவிட்டார்கள்.
விட்டுவந்த கணவனும் அந்த வெட்டில் போனான்.
நன்றி சொல்ல வேண்டும், யாரிடம் என்று தெரியவில்லை.

ஜனவரி பதின்மூன்று.
சட்டையில் நீலப் பூ ஒன்று குத்திக்கொண்டு போனேன்,
துணியில் தைத்தது, நகமளவு.
அந்த இரவு டாங்கிகள் வந்தபோது
வில்னியஸ் கோபுரத்தின் அடியில் நின்றவர் என் அப்பா.
திரும்பி வந்தார்.
இடது கால் முழுதாக வரவில்லை.

மேற்பார்வை நோர்மா குனிந்து பார்த்தாள்.
தாளில் நீலம் இல்லை என்று
சொல்லத் தயாராக இருந்தேன்.
தயாரித்ததற்கு மேலும் இருந்தது,
ஒரு வருடம் பேசும் அளவுக்கு.
"அழகா இருக்கே" என்றாள், "எங்கே வாங்கினே?"
மெர்வினும் வண்டியை நிறுத்தினார்.
மகளுக்கு நீலம் பிடிக்குமாம்.
டிம்ப்னா விரலால் ஒரு இதழைத் தொட்டாள்.
மூன்று முகங்களிலும் ஒரே ஆசை,
ஒரு பொருளின் விலையைத் தெரிந்துகொள்ளும் ஆசை.

"சந்தையில்" என்றேன். "ஒரு பவுண்டு."

பிறகு ஒலிபெருக்கிக்குத் திரும்பி,
ஜி-க்கு அடுத்ததில்
கீல் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன்.