மூன்றாம் அங்கத்தில் ஆள் குறைவு

டொட்மார்டன் மெதடிஸ்ட் கூடத்தில்
செவ்வாய்தோறும் ருஷ்யப் பனி பெய்கிறது.
நகராட்சிக் கடிதங்களைக் கிழித்த பனி;
சில துண்டுகளில் நிலுவைத் தொகை தெரியும்.

மொழி எங்கள் யாருக்கும் தெரியாது.
மற்றவர்கள் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாட
நான் மட்டும் தமிழில்.
அவர்களுக்குப் பிடிபடாத ஓர் உயிரொலி,
இதழ் குவியாத உகரம்,
'காசு' என்னும்போது கடைசியில் தேயுமே, அதுதான்.
"எங்கே கற்றாய்?" என்றாள் இசை நடத்தும் மொய்ரா.
கல்லாவில் சில்லறை எண்ணி, என்றேன்.

இரண்டாம் அங்கத்தில் நண்பர்கள் சுட்டுக்கொள்ள வேண்டும்.
பள்ளி ஓட்டப்பந்தயத்துத் துப்பாக்கி
வெடிக்கவில்லை.
கொதிகலன் பழுதுபார்க்கும் துவெய்ட்
சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு
நாகரிகமாகத் தானே செத்தார்.

விருந்துக் காட்சிக்கு ஆண்குரல் போதாது.
ஒட்டுமீசையோடு
செத்தவரே வருகிறார்,
கிண்ணத்தில் திராட்சைச் சாறு,
என் பக்கத்தில் நின்று கோரஸ் பாடுகிறார்.

நாடெல்லாம் சுற்றித் திரும்பிய நாயகன்
(டெரன்ஸ், 590 பஸ் ஓட்டுகிறவர்)
கூட்டத்தில் அந்த முகத்தைக் கண்டதும்
வரியை மறந்து நின்றுவிட்டார்.
மொய்ராவின் கை காற்றில்.

நான்தான் எடுத்துக் கொடுத்தேன்,
தாழ்ந்த குரலில்,
கடைசி எழுத்தைத் தேய்த்து.