திருப்பி அடுக்குபவள்

கிளிநொச்சி, கந்தசாமி கோயிலுக்கு அங்கால
ஏசி போட்ட கடை.
காசுமேசையில் கைவிட்டுப் போனவற்றை
திரும்பவும் இறாக்கையில் வைப்பது என் வேலை.

மாத முதல் கிழமை சும்மா நிற்பேன்.
இருபதுக்குப் பிறகு கூடை நிரம்பும்:
பட்டர், மீன் ரின், பெரிய சம்பூ.
சம்பூவை விட்டவர் வாசலில் தொங்கும்
சின்னப் பைக்கற்றில் நாலு கிழிப்பார்.
பெரியதுதான் மலிவு,
அவருக்கும் தெரியும்.

இன்று தர்மபுரத்து அக்கா ஒருத்தி.
இரண்டாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு.
கையில் இரண்டாயிரம்.
சவர்க்காரத்தைத் தள்ளினாள், இழுத்தாள்.
பருப்பைத் தூக்கி நிறுத்துப் பார்த்தாள்,
கையாலேயே.
பின்னால் வரிசை செருமியது.
தேயிலையை விட்டாள்.
மகனின் கலர்ப் பென்சில் பெட்டியை
ஒருதரமும் பார்க்கவில்லை,
பார்த்தால் அதற்கும் விலை வந்துவிடும் என்பதுபோல.
மிச்சம் இருபதுக்குச் சில்லறை இல்லை,
நிலோஜினி இரண்டு ரொபி கொடுத்தாள்.

ஆறு மணிக்கு என் பையில்
பஸ்ஸுக்கு வைத்த எண்பது.
இரண்டு முட்டையும் எண்பது.
உருத்திரபுரத்துக்கு நடந்தால் ஒரு மணித்தியாலம்.

முட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு
நடக்கிறேன்.
செருப்புத் தேய்கிற காசு
எந்த ரசீதிலும் விழவில்லை
இதுவரைக்கும்.