அறிக்கைத் தாளில் இடமில்லை

கெதின், வயது எட்டு.
ஏழாம் வாய்பாடு: இன்னும் வரவில்லை.
கையெழுத்து: மழைக்குச் சிதறிய எறும்பு வரிசை.
இரண்டாவதை அடித்துவிட்டு
"கவனம் தேவை" என்று எழுதினேன்.

செப்டம்பரில் ஈரப் பஞ்சில் வைத்த பட்டாணி
எல்லாருக்கும் முளைத்தது.
அவன் தினமும் பிரித்துப் பிரித்துப் பார்த்தான்.

அக்டோபர் முழுக்க ரோமானிய எண்கள்.
நான்கில் அந்த ஒற்றைக் கோடு ஏன்
முன்னால் நிற்கிறதென்று மாப்லி கேட்டாள்.
"வரிசையில் இடிச்சுக்கிட்டுப் போயிருக்கு மிஸ்"
என்றான் கெதின்.

நவம்பர். கார்லியன் போகும் பேருந்தில்
நியூபோர்ட் தாண்டுமுன் இரண்டு வாந்தி.
படைவீரர் குடியிருப்பில் மிஞ்சியது
முழங்காலுயரக் கல், அதன்மேல் மழை.
வழிகாட்டி சொன்ன ஆண்டுகள்
மழைக்கோட்டில் வழுக்கி விழுந்தன.
கழிப்பறை என்றதும்
இருபத்தெட்டுத் தலைகளும் நிமிர்ந்தன.

உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால்
ஒரு சுட்ட ஓடு.
ஈரம் காயுமுன் நாயொன்று
மிதித்துப்போன தடம், நான்கு விரல்.
நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றவன்
சாப்பாட்டுக்கும் வரவில்லை.
"அது திட்டு வாங்கியிருக்குமா மிஸ்?"

தெரியாது என்றேன்.

நேற்று எங்கள் வாசலில்
சக்கர நாற்காலிச் சரிவுக்குச் சிமெண்ட் பூசினார்கள்.
இன்று அதில் ஒரு காலணித் தடம்,
சின்னது, இடது கால் மட்டும்.
தலைமையாசிரியை வகுப்பு வகுப்பாக விசாரிக்கிறார்.
மூன்றாம் வரிசையில் ஒரு கால்
மேசைக் கம்பிக்குப் பின்னால் மறைகிறது,
அடியில் சாம்பல் நிறம் காய்ந்து.

"எங்கள் வகுப்பில் யாருமில்லை."

வரலாறு என்ற கட்டத்தில்
மிக நன்று
என்று எழுதி மை காயக் காத்திருக்கிறேன்.