இரண்டு விரல் அகலம்

சேரன்மகாதேவி கேட் திறந்ததும்
பின்னால் நின்ற எல்லாருக்கும் அவசரம்.
தண்டவாளத்துக்கு ஏறும் அந்தச் சின்ன மேட்டில்
என் ஆம்னி உறுமியது, நகரவில்லை.
ஐப்பசித் தூறல். கண்ணாடியில் வைப்பர்
இல்லை இல்லை என்று தலையாட்டியது.

ஸ்பீடாமீட்டர் முள் நாற்பது.
ஜன்னலுக்கு வெளியே கேட்கீப்பரின் முருங்கை,
அதே கிளை, அதே காய்.
பொம்பள வண்டி, என்றது ஒரு ஹாரன்.

காலையில் இப்படி இல்லை.
பீடி இலை மூட்டை ஒன்பது, தூள் இரண்டு,
பத்தமடை, வீரவநல்லூர், வெள்ளாங்குழி என்று
இறக்கிப்போட்டுப் போகும்போது
சமர்த்தாக ஏறிய மேடுதான்.
திரும்பும்போது சுற்றிய பீடிக்கட்டு மட்டும்,
வண்டிக்கு உடம்பே இல்லை.
அப்போதுதான் வழுக்கும்.

இதை வண்ணாரப்பேட்டையில் சொன்னேன்.
துரைசிங் பாதியிலேயே கையைக் காட்டினார்.
"உறுமுதா? நகரலையா? கிளட்ச்."
ஆறாயிரத்து எண்ணூறு.
பில்லில் திரு. முப்பிடாதி என்று போட்டிருந்தது.
நல்லது, ஏமாந்தது ஒரு ஆண்.

அடுத்த மழைக்கும் அதே மேடு, அதே முருங்கை.

வீரவநல்லூர் நாகூர்கனி பஞ்சர் மட்டும்தான் ஒட்டுவான்.
ஆணி பிடுங்கப் போன இடத்தில்
வாய்தவறிச் சொன்னேன்.
கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:
"அப்பம் முள்ளு என்ன சொல்லிச்சு?"

யாரும் முள்ளைக் கேட்டதில்லை.

நாற்பது என்றேன்.
"கிளட்ச் வழுக்குனா இன்ஜின் மட்டும் கத்தும்,
முள்ளு ஏறாதுக்கா.
முள்ளு ஓடுதுன்னா சக்கரம் ஓடுது.
சக்கரம் ஓடியும் வண்டி ஓடலன்னா
கோளாறு டயருக்கும் தரைக்கும் நடுவுல."

சந்தேகத்துக்கு ஹேண்ட்பிரேக்கை இழுத்து
மூன்றாம் கியரில் கிளட்சை விடச் சொன்னான்.
குலுங்கி அணைந்தது இன்ஜின்.
"புதுக் கிளட்ச் தங்கம்" என்றான்.
எரிச்சலாக வந்தது.

அன்று வெயில், ரோடு காய்ந்திருந்தது.
டியூப் ஓட்டைக்கு அடையாளம் போடும் சாக்பீஸால்
பின்டயரின் முதுகில் குறுக்காக ஒரு கோடு,
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை.
பள்ளிவாசல் திருப்பம் போய்த் திரும்பி வந்து
இரண்டு பேரும் குனிந்தோம்.

நடுவில் இரண்டு விரல் அகலம் அழிந்திருந்தது.
இருபுறமும் வெள்ளை அப்படியே.
"இம்புட்டுதான் ரோட்டைத் தொடுதிய, பாத்தியளா."

காற்று பார்த்தான். ஐம்பத்திரண்டு.
மேலப்பாளையம் ஏஜெண்ட் சொல்லி அடித்தது:
லோடு வண்டி விறைப்பா நிக்கணும்.
மூட்டை இருக்கும்வரை பாரம் டயரை அமுக்கி
அகலமாக்கித் தந்தது.
மூட்டை இறங்கியபின்
உப்பிய வயிற்றின் நுனியில் நின்றிருக்கிறது வண்டி.
இரண்டு விரல் அகலத்தில்
இத்தனை ஊர் போய்வந்திருக்கிறேன்.

முப்பதுக்கு இறக்கினான்.
வெளியேறிய காற்றுக்கு
ஏஜெண்ட் பேசுகிற சத்தம்.

இடது டயர் பழைய ரீட்ரெட்.
நகத்தால் அழுத்தினான், பதியவில்லை.
"பிடிக்காத சக்கரத்துக்குத்தான் எல்லா ஓட்டமும் போவும்.
பிடிக்கிற சக்கரம் சும்மா நிக்கும்.
டிஃபரன்ஷியல் அப்படிக்கா."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
எங்கள் வீட்டில் அண்ணன் ஒருவன் உண்டு.

போனஸ் வந்ததும் மாற்றுகிறேன் என்றேன்.
"அதுவரை திரும்பும்போது ரெண்டு சாக்கு மண்ணைப்
பின்னால போட்டுக்கிடுங்க.
ஆத்துமணல் வேண்டாம், போலீஸ் பிடிப்பான்.
எம்-சாண்ட்."
பஞ்சருக்கு மட்டும் காசு வாங்கினான்.

வியாழன் நல்ல மழை. கேட் திறந்தது.
இரண்டாம் கியரில்
முட்டையை மிதிப்பதுபோல மிதித்தேன்.
தண்டவாள இரும்பில் ஒரு பொட்டு வழுக்கல்,
அப்புறம் பிடித்துக்கொண்டது.
முள் பத்தைத் தொடவும்
முருங்கை பின்னால் போகவும் சரியாக இருந்தது.

மேலச்செவல் தாண்டும்போது துரைசிங் போன்.
ஓரங்கட்டி எடுத்தேன்.
"கிளட்ச் எப்படிம்மா இருக்கு?"

தங்கம் என்றேன்.