வருஷத்துக்குப் பத்துப் பெட்டி

மித்தி ஆற்றுக்கு இந்தப் பக்கம், தாராவியில்,
எனக்குத் தண்ணீர் அதிகாலை நாலேகாலுக்கு வரும்.
அந்தப் பக்கம், கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாம் மாடிக்கு
ஐந்து வாரத்துக்கு ஒருமுறை பெட்டி வரும்.
இரண்டுக்கும் காத்திருக்கப் பழகியவள் நான்.

பெட்டி என்றால் பெரிதாக நினைக்காதீர்கள்.
பள்ளிக்கூடப் பிள்ளையின் டிபன் டப்பா அளவு.
உள்ளே போட்ஸ்வானாவின் மண் கழுவிய கற்கள்,
சிலது உப்புக்கல், சிலது கற்கண்டுத் தூள்.
விலை முன்பே எழுதி வரும்.
கருவாட்டுக் கடையில்கூடப் புரட்டிப் பார்க்க விடுவார்கள்.
இங்கே பொறுக்கக் கூடாது, பேசக் கூடாது.
எடு, இல்லையென்றால் எழுந்து போ.
எழுந்தவர் பெயர் அடுத்த பட்டியலில் இருக்காது.

சேவந்திலால் சேட்டின் அப்பா
லண்டனில், தெப்லாவைப் பைக்குள் மறைத்துக்கொண்டு,
முப்பத்தொரு வருஷம் எழுந்ததே இல்லை.

என் வேலை பிரிப்பது.
வெள்ளைத் தாள், இடுக்கி, லூப், வடக்கு ஜன்னல்.
வடக்கு வெளிச்சம்தான் பொய் சொல்லாது என்பார்கள்.
என் வீட்டைப் பார்க்கத் தெற்கே திரும்ப வேண்டும்,
திரும்பினால் எண்ணிக்கை தப்பிவிடும்.
கரி விழுந்தது தனி. விரிசல் தனி.
டீத்தண்ணீர் நிறம் தனி.
கேரட் என்பது கடல் தாண்டிய ஏதோ மரத்தின் விதையாம்.
வைரத்தை நிறுக்க நம்மிடமும் ஒரு விதை இருந்தது,
மஞ்சாடி. சிவப்பாய் இருக்கும்.
அதில் சொன்னால் இப்போது யாருக்கும் விலை புரியாது.

ஒருநாள் டீ குடிக்கும்போது சேட் சொன்னார்:
“கேளு செல்லக்கனிபென்.
கிம்பர்லியில் குழிக்குள் தண்ணீர் புகுந்தது.
கம்பெனியை ஆரம்பித்தவன்
முதலில் வைரத்தை நம்பவில்லை,
தண்ணீர் இறைக்கிற மிஷினை வாடகைக்கு விட்டான்.
அப்புறம் ஒரு குழி வாங்கினான், பக்கத்துக் குழி வாங்கினான்.
எல்லாக் குழியும் ஒரே கைக்கு வந்த பிறகுதான்
வைரம் அபூர்வமாச்சு.”
சிரித்தார். பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

தோண்டியவர்களை வேலிக்குள் பூட்டி வைத்ததை,
வயிற்றுக்குள் போனதையும் சோதித்ததை
அவர் சொல்லவில்லை.
வேறெங்கோ படித்திருந்தேன்.
நானும் கேட்கவில்லை.
ஆறரைக்கு வாசலில்
முந்தானையை உதறிக் காட்டிவிட்டு இறங்கினேன்,
இருபத்திரண்டு வருஷமாக உதறுவது போல.

முன்பெல்லாம் பெட்டியைத் திறக்காமலே கைமாற்றுவார்கள்,
சீல் உடையாமல் ஆறு சதவீதம் மேலே.
இந்த மார்ச்சில் தரகர் சுபோத்
மூடியைத் தொடவுமில்லை. “பதினொன்று கீழே” என்றார்.
சூரத்தில் ஓர் அடுப்பில்
மூன்று வாரத்தில் வேகிறதாம் ஒரு கல்.
கொண்டுவந்து தாளில் கொட்டினார்கள்.
என் கண்ணால் பிரிக்க முடியவில்லை.
லூப்பைத் துடைத்தேன். கண்ணைத் துடைத்தேன்.
மிஷின்தான் சொன்னது:
இது பூமி, இது அடுப்பு.

அன்றைக்குச் சேட் எழுந்தார்.
அப்பாவின் போட்டோவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து
“வேண்டாம்” என்று ஒற்றை வரி மெயில் அனுப்பினார்.
ஐந்தாவது வாரம் பெட்டி வரவில்லை.
எங்கள் மேசையில் ஒன்பது பேர் நாலு பேரானோம்.
நாலில் நான் இருக்கிறேன்,
இந்த மாதம் வரைக்கும்.

கம்பெனியின் கிடங்கில் கல் நிறையக் கிடக்கிறதென்று
பேப்பரில் போட்டிருந்தது.
விற்காமல் வைத்திருப்பதும் ஒரு வியாபாரம் என்பது
எங்கள் சந்தில் யாருக்கும் புதிதில்லை.

இன்று காலை நாலேகாலுக்கு
ஆள் உயரச் சாவியோடு வால்வுக்காரர் கதம் வந்தார்.
ஆடி மழை கொட்டிக்கொண்டிருந்தது.
“ஏரியில் எவ்வளவு இருக்கு?” என்றேன்.
“வழியுது அக்கா” என்றார்.
“அப்புறம்?”
“எனக்குச் சொன்னது ஒன்றரை மணி நேரம்.”

ஆறு அடிப்பதற்குள் சாவி திரும்பிவிட்டது.
நீலப் பீப்பாயில் முக்கால்.
மூடி பறக்காமலிருக்க
மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தேன்.