காலி வண்டி

சர்ஜாப்பூரில் மூன்று போர்களும்
அன்று காற்றைத்தான் துப்பின.
அத்திப்பள்ளி தாண்டி
பிள்ளக்காவின் முக்கால் ஏக்கர் ஓரம்
டேங்கரை நிறுத்தினேன்.
குட்டை இருந்தது. பத்தடி ஆழம், தார்ப்பாய் விரித்தது.
போன செப்டம்பரில்
ஒரே ராத்திரியில் கொட்டிய மழை அதில்.

"லோடுக்கு எண்ணூறு தரேன்க்கா."

நிமிரவில்லை.
சொட்டுக்குழாயில் அடைத்த ஓட்டையை
ஊக்கால் குத்திக்கொண்டிருந்தாள்.
பாத்திக்கு எவ்வளவு, இன்னும் எத்தனை நாள்
என்று மோட்டார் ரூம் சுவரெல்லாம் கரிக்கோடு.
ஜூன் வரைக்கும் கணக்கு இருந்தது.
ஜூனில் மழை வராவிட்டால் என்பதற்கும்
கீழே தனியாக ஒரு கோடு.

"ஆயிரம்?"

ஊக்கை ரவிக்கையில் செருகினாள்.
குனிந்து பிடுங்கி
பன்னிரண்டு கட்டு தண்டுக்கீரையை
ஈரத்தோடு என் சீட்டில் வைத்தாள்.
"என் தண்ணி இப்படித்தான் ஊருக்குள்ள போவும்.
கட்டு பத்து ரூபா."

பெல்லந்தூர் அபார்ட்மெண்ட் கேட்டில்
செக்யூரிட்டி டேங்கைத் தட்டிப் பார்த்தான்.
அண்டா மாதிரி ஒலித்தது.
கீரையை நீட்டினேன்.
அவன் சிரிக்கவில்லை.

நாலு கட்டு விற்றது.
மீதியை நாங்களே தின்றோம்,
மூன்று நாள்.